வலியை அடக்கும் மருந்து புண் ஆறுவதையும் அடக்குமா?

கரும்பு வெட்டும்போது அரிவாள் நழுவி மணிக்கட்டில் இறங்குவது நெல்லிக்குப்பம், பாகூர் பக்கங்களில் புதிதல்ல. பலாப்பழம் அறுக்கிற கத்தியும், உடைந்த கண்ணாடியும், ஈ.சி.ஆர். விபத்தும் இதே காயத்தைத் தரும். ஆபரேஷனில் நரம்பைத் தைத்து, கட்டுப் போட்டு, மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். சீட்டில் டிரமடால் என்றொரு வலி மருந்தின் பெயர் இருக்கும். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "இது அபின் ஜாதி மருந்தாச்சே, போட்டா நரம்பு ஒட்டாதே" என்பார். இன்னொருவர், "வலி இருந்தாத்தான் புண்ணு ஆறும், பல்லைக் கடிச்சுக்கோ" என்பார். இரண்டிலும் துளி உண்மை உண்டு. இரண்டையும் அப்படியே கேட்டு நடந்தால் கை கெடும்.

முதலில் ஒரு சொல் குழப்பம். நம் பேச்சில் 'நரம்பு' மூன்று வேறு வேறு உறுப்புகளைக் குறிக்கும். டிரிப்ஸ் போட வந்த நர்ஸ் "நரம்பு கிடைக்கலை" என்றால் அது ரத்தக் குழாய். "நரம்பு அறுந்து விரல் மடங்கலை" என்றால் அது பெரும்பாலும் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு. உணர்வையும் அசைவுக்கான கட்டளையையும் கொண்டுபோகும் வெள்ளை இழைதான் உண்மையான நரம்பு. மணிக்கட்டில் மூன்றும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. ஒரே வெட்டில் மூன்றும் போகலாம். தசைநாண் ஒட்டுவது வாரக்கணக்கு, நரம்பு வளர்வது மாதக்கணக்கு. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எது தைக்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரை பேசுவது மூன்றாவது பொருளில் வரும் நரம்பைப் பற்றியும், அதைச் சுற்றியுள்ள தோல், சதை, எலும்பு பற்றியும்தான்.

சாவியும் பூட்டும்

குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அந்தச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். (விதையைக் கண்டு பயப்பட வேண்டாம், மருந்துச் சரக்கு இருப்பது பாலில்.) அபினிலிருந்து 1800களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் செர்ட்யூர்னர் என்ற மருந்தாளுநர் மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். கோடீனும் அதே பாலில் உள்ளதுதான். பெதிடின், ஃபென்டனில், டிரமடால், டபென்டடால் ஆகியவை தொழிற்சாலையில் செய்யப்படுபவை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓபியாய்டு என்று பெயர். பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் இந்தக் குடும்பம் இல்லை.

மருந்து சாவி என்றால், அது போய் ஒட்டி வேலை செய்கிற செல்லின் ஏற்பிதான் பூட்டு. ஓபியாய்டுகள் ஒட்டுகிற பூட்டு உடலில் இருப்பதை 1973இல் உறுதிசெய்தார்கள். அபின் செடிக்காக மனித உடல் பூட்டு செய்து வைத்திருக்குமா? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் அதற்கான உடலின் சொந்தச் சாவியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் என்கெஃபலின். ஆக, மார்ஃபின் கள்ளச்சாவிதான்.

இந்தப் பூட்டுகள் மூளையிலும் தண்டுவடத்திலும் மட்டும் இருந்திருந்தால் புண் ஆறுவதைப் பற்றிப் பேச்சே எழாது. அவை குடலில் இருக்கின்றன. இந்த மருந்து போட்டவருக்கு மலம் இறுகுவது அதனால்தான். தோலின் மேலடுக்குச் செல்களில் இருக்கின்றன. ரத்த வெள்ளையணுக்களில் இருக்கின்றன. காயத்தைச் சுற்றியுள்ள நரம்பு நுனிகளிலும் இருக்கின்றன. சாவியை ரத்தத்தில் விட்டால் அது வலிப் பூட்டை மட்டும் தேடிப் போவதில்லை.

அறுந்த நரம்பு எப்படி வளர்கிறது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதை இந்தப் பக்கத்து ஆள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்து, பல ஊர்களில் நாள்கணக்கில், சில கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கம்பி தட்டுப்பாடு மட்டுமா காரணம்? விழுந்த மரத்தை அறுத்து அகற்றாமல் கம்பம் நட முடியாது, கம்பம் நடாமல் கம்பி இழுக்க முடியாது.

நரம்பிலும் இதே வரிசைதான். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து விரல் நுனி வரையுள்ள நரம்பிழைகள் முழுவதும் செத்து உடையும். டாக்டர் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் இது நடக்கும். அகஸ்டஸ் வாலர் 1850இல் விவரித்ததால் இதற்கு வாலர் சிதைவு என்று பெயர். தையல் செய்வது இரண்டு முனைகளின் உறைகளை நேராகப் பொருத்துவது. உள்ளே ஓடும் இழை புதிதாகத்தான் வளர வேண்டும்.

சிதைவு முதல் இரண்டு நாளிலேயே தொடங்கும். அடுத்து வருபவை மேக்ரோபேஜ் என்ற பெருந்தின்னிச் செல்கள். இவைதான் மரம் அறுக்கும் ஆட்கள். பழைய இழையின் கொழுப்பு உறையைத் தின்று வழியைச் சுத்தம் செய்ய வாரங்கள் பிடிக்கும். அதே சமயம் நரம்பைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் பெருகி, குழாய் போல வரிசைகட்டி நிற்கும். இவைதான் கம்பங்கள். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் புது இழை கீழே இறங்கும். வேகம் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி வரை 18 செ.மீ. என்றால் 180 நாள். தொடக்கத் தாமதம் 2 முதல் 4 வாரம். கூட்டினால் ஏழு மாதம். 'ஒரு மாசமாச்சு, விரல் இன்னும் மரத்தே கிடக்கு' என்பது ஆபரேஷன் தோற்றதற்கு அடையாளம் இல்லை.

அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. நரம்பு வந்து சேராத தசை காத்துக்கொண்டே இருக்காது. ஏறக்குறைய 12 முதல் 18 மாதங்களில் அது கம்பி வந்தாலும் எரியாத பல்பு ஆகிவிடும். முழங்கைக்கு மேலே அறுந்த நரம்பு விரல் தசைகளை அடைய அதே அளவு காலம் ஆகலாம். எனவே எங்கெல்லாம் தாமதம் சேருகிறதோ அங்கெல்லாம் நஷ்டம். ஓபியாய்டு பற்றிய கேள்வியின் வேர் இதுதான்.

தோல் காயமும் இதே ஒழுங்கில்தான் ஆறும். ரத்தம் உறைதல், வீக்கம், புதுச் சதை, பிறகு ஓராண்டு வரை நீளும் சீரமைப்பு. மூன்றாவது வாரத்தில் தழும்பின் உறுதி பழைய தோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். கட்டுப் பிரித்த மறுவாரமே வலைக் கயிறு இழுக்கப் போகிறவர்களின் தழும்பு விரிவது இதனால்தான்.

சேதி சொல்பவனே ஆளும் அனுப்புகிறான்

நரம்பு நுனி வெறும் செய்தியாளர் என்றுதான் நாம் நினைக்கிறோம்: காயம் பட்டால் மூளைக்கு 'வலி' என்று சொல்லும், அவ்வளவுதான் என்று. உண்மையில் அது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. மேலே மூளைக்குச் சேதி போகும் அதே நேரத்தில், கீழே காயத்துக்குள் சப்ஸ்டன்ஸ்-பி போன்ற சுரப்புகளை நரம்பு நுனி கொட்டுகிறது. அவை ரத்தக் குழாய்களை விரிக்கின்றன, வெள்ளையணுக்களை அழைக்கின்றன, புதுச் சதை நெய்யும் செல்களைத் தூண்டுகின்றன. காயத்தைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, புடைப்பதில் இதற்கும் பங்கு உண்டு. சர்க்கரை நோயில் கால் நரம்பு செத்துப்போனவருக்குப் புண் வலிக்காது. அது ஆறாமல் இழுப்பதற்குள்ள பல காரணங்களில் இதுவும் ஒன்று.

ஓபியாய்டு நரம்பு நுனியின் பூட்டில் ஒட்டினால் இரண்டு பக்கமும் அடங்கும். வலி குறைகிறது, கூடவே சப்ஸ்டன்ஸ்-பி சுரப்பும் குறைகிறது. எலிகளின் தோல் காயத்தில் மார்ஃபின் களிம்பு தடவியபோது காயம் மூடத் தாமதமானது இந்த வழியில்தான் என்று காட்டியிருக்கிறார்கள். தொடர்ந்து மார்ஃபின் கொடுக்கப்பட்ட சுண்டெலிகளில் காயத்துக்கு வெள்ளையணுக்களும் பெருந்தின்னிச் செல்களும் தாமதமாகவும் குறைவாகவும் வந்து சேர்ந்தன. மரம் அறுக்கும் ஆள் வராவிட்டால் கம்பம் நடுபவர் வெட்டியாக நிற்பார். கிருமி இருந்தால் அதற்கும் கொண்டாட்டம்.

என்கெஃபலினுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதன் ஒரு வகை, செல் பெருகும் வேகத்துக்குப் பிரேக் போடுகிறது. அமெரிக்காவில் இயன் ஜேகன் குழுவினர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, அந்தப் பிரேக்கை, ஓபியாய்டு பூட்டுகளை அடைக்கும் நால்ட்ரெக்ஸோன் மருந்தால் எடுத்துவிட்டால் சர்க்கரை நோயுள்ள விலங்குகளின் கருவிழிக் காயம் சீக்கிரம் மூடுவதைக் காட்டினார்கள். இந்தப் பிரேக் வேறு பூட்டில் இயங்குவது. மார்ஃபினின் வழக்கமான பூட்டோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டு, 'நால்ட்ரெக்ஸோன் போட்டா நரம்பு வளரும்' என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பாதீர்கள். டிரமடால் போட்டுக்கொண்டிருப்பவர் நால்ட்ரெக்ஸோன் போட்டால் வலி நிவாரணம் அற்றுப்போகும், பழகிய உடல் என்றால் நடுக்கமும் வாந்தியும் வரும்.

இனி எதிர்ப்பக்கம். ரத்த ஓட்டம் குறைந்த எலித் தோலில் ஃபென்டனில் தடவியபோது புண் சீக்கிரமே மூடியது. ஆய்வகத் தட்டில் வளர்த்த தோல் செல்கள் ஓபியாய்டு பட்டதும் வேகமாக நகர்ந்து இடைவெளியை அடைத்தன. ஒரே குடும்ப மருந்து எப்படி ஒரு ஆய்வில் தடையாகவும் மற்றதில் துணையாகவும் இருக்கிறது? எந்தச் செல்லின் பூட்டு, எவ்வளவு மருந்து, எத்தனை நாள், தடவியதா விழுங்கியதா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. 'ஓபியாய்டு புண்ணை ஆற்றும்', 'ஓபியாய்டு புண்ணைக் கெடுக்கும்' என்று ஒற்றை வரியில் சொல்பவர் இருவரும் பாதி ஆய்வைத்தான் படித்திருக்கிறார்கள்.

மூளையும் தண்டுவடமும்

கை நரம்பு போல் தண்டுவடம் மறுபடி வளர்வதில்லை. அங்கே சுத்தம் செய்யும் வேலை மெதுவாக நடக்கும். உறைச் செல்களே வளர்ச்சிக்குத் தடை போடும் புரதங்களை வைத்திருக்கின்றன. அதனால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதுதான் முக்கியம். தண்டுவடம் நசுங்கிய எலிகளுக்கு முதல் நாட்களில் மார்ஃபின் கொடுத்தபோது நடை திரும்புவது குறைந்தது, காயத்தின் பரப்பு பெரிதானது. தண்டுவடத்தில் காவல் வேலை செய்யும் மைக்ரோக்ளியா என்ற செல்கள் மார்ஃபினால் சீண்டப்பட்டு அழற்சியைக் கூட்டுவது ஒரு காரணம். அப்படியென்றால் ஓபியாய்டைத் தடுக்கும் நலாக்ஸோன் கொடுத்தால் மனிதர்கள் எழுந்து நடப்பார்களா? 1990இல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனையில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. எலியிலிருந்து வார்டுக்கு வரும் பாதை அவ்வளவு நேரானதல்ல.

நமக்கு நேரடியாக உதவும் இன்னொரு எலி ஆய்வு 2016இல் வந்தது. கால் நரம்பில் காயம்பட்ட எலிகளுக்கு வெறும் 5 நாள் மார்ஃபின் கொடுத்தார்கள். மருந்து நின்ற பிறகும், கொடுக்கப்படாத எலிகளைவிட வாரக்கணக்கில் கூடுதலாக வலிக்கூச்சம் நீடித்தது. வலி மருந்தே வலியின் ஆயுளை நீட்டியது. மனிதர்களிலும் நீண்ட நாள் அதிக அளவு போடுபவர்களுக்கு, மருந்து கூடக் கூட வலியும் கூடும் நிலை வருவதுண்டு. நரம்புக் காயத்துக்குப் பின் வரும் எரிச்சல், சுருக்சுருக்கென்ற குத்தல், ஷாக் அடிப்பது போன்ற வலிக்கு ஓபியாய்டு முதல் மருந்தாக வைக்கப்படுவதில்லை. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், கபாபென்டின், பிரீகாபலின் இவைதான் முன்வரிசை. டிரமடால் அதற்கடுத்து, மார்ஃபின் போன்ற வலுவானவை அதற்கும் பின்னே.

மனிதர்களில்

நாட்பட்ட புண் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஓபியாய்டு எடுத்தவர்களுக்குப் புண் ஆற அதிக நாள் ஆனது. இதைப் படித்ததும் மாத்திரையைக் குப்பையில் போடக் கூடாது. பெரிய புண்ணுக்குத்தான் அதிகம் வலிக்கும். அதிகம் வலிப்பவருக்குத்தான் ஓபியாய்டு எழுதுவார்கள். பெரிய புண் எப்படியும் தாமதமாகத்தான் ஆறும். எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது எளிதல்ல. நீண்ட காலம் எடுத்தால் ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு குறைவது மட்டும் தெளிவு, தசைக்கும் எலும்புக்கும் அது நல்லதல்ல.

பல்லைக் கடித்துக்கொள்ளச் சொன்ன சொந்தக்காரருக்கு இப்போது பதில். அடக்கப்படாத வலி, அட்ரினலினையும் கார்டிசாலையும் ஏற்றுகிறது. தோலின் ரத்தக் குழாய் சுருங்குகிறது, காயத்துக்குப் பிராணவாயு குறைகிறது. வயிற்று ஆபரேஷன் செய்தவர் வலிக்குப் பயந்து இழுத்து மூச்சு விட மாட்டார், இரும மாட்டார், சளி கட்டும். எழுந்து நடக்க மாட்டார்; காலில் ரத்தம் கட்டும். கை ஆபரேஷன் செய்தவர் பிசியோதெரபிக்கு விரலை நீட்ட மாட்டார்; தசைநாண் தழும்போடு ஒட்டி விரல் கட்டையாகும். நரம்பு ஏழு மாதம் கழித்து வந்து சேர்ந்தாலும் அசைக்க மூட்டு இருக்காது. முதல் சில நாள் வலியை ஒழுங்காக அடக்குவது ஆறுவதற்கு எதிரி அல்ல. சர்க்கரையும் பீடியும் புண்ணுக்குச் செய்யும் கெடுதலுக்கு முன் நாலைந்து நாள் டிரமடால் ஒன்றுமே இல்லை என்பது எங்கள் கணிப்பு.

ஆக, கேள்வி 'போடலாமா கூடாதா' என்பதல்ல. எத்தனை நாள், எவ்வளவு, எந்த வலிக்கு என்பதுதான்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு

பாராசிட்டமாலை நேரத்துக்கு நேரம் போட்டு, அதையும் மீறும் வலிக்கு மட்டும் ஓபியாய்டு என்பதுதான் பொதுவான ஒழுங்கு. இங்கே அதிகம் நடக்கும் தப்பு கூட்டல் கணக்கில். டிரமடால் பெரும்பாலும் பாராசிட்டமாலோடு கலந்த மாத்திரையாகத்தான் கிடைக்கிறது. அட்டையின் பின்புறம் டிரமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. என்று இரண்டு எண் இருக்கும். அதை நாளுக்கு 4 போட்டு, தனியே பாராசிட்டமால் 650ஐயும் 4 போட்டால் பாராசிட்டமால் மட்டும் 3,900 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பே 4,000. மெலிந்தவருக்கும், கல்லீரல் கெட்டவருக்கும், தினம் குடிப்பவருக்கும் வரம்பு இன்னும் குறைவு. டிரமடாலின் உச்சவரம்பு நாளுக்கு 400 மி.கி.; அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை போடுபவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால் வலிப்பு அபாயம் கூடும்.

டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. சீட்டில்லாமல் தெரிந்த மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் ஆய்வுகள் எச்சரிக்கும் 'தொடர் உபயோகம்'. முந்திரி உடைக்கும் வேலையில் ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகிறவர்களும், லோடு தூக்கி இடுப்பு பிடித்தவர்களும் இதில் விழுகிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். புண்ணில் சீழா, கட்டு இறுக்கமா, நரம்பு நுனி தழும்பில் சிக்கியிருக்கிறதா? வாரக்கணக்கில் போட்ட பிறகு திடீரென்று நிறுத்தவும் கூடாது. வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று உடல் முறுக்கும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

மலச்சிக்கலைத் தானாகச் சரியாகும் என்று விடாதீர்கள். குடலிறக்கத் தையல் போட்டவர் முக்கினால் தையலுக்கே ஆபத்து. இசப்கோல் மட்டும் போதாது, தண்ணீர் குறைவாகக் குடித்தால் அதுவே கட்டியாகிவிடும். லாக்டுலோஸ் அல்லது பிசகோடில் மாத்திரையை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

ஃபென்டனில் பேட்ச் ஒட்டியவர் உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒன்று. சூடு பட்டால் பேட்சிலிருந்து மருந்து வேகமாக இறங்கும். கத்திரி வெயிலில் நடப்பது, காய்ச்சல், அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் எல்லாமே அளவைக் கூட்டிவிடும். அது புதிதாக ஆபரேஷன் செய்த வலிக்கு உரியதும் அல்ல. புதுச்சேரி என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும்: எந்த ஓபியாய்டோடும் சரக்கு கூடாது, ஒரு பெக்கும் கூடாது. பிரீகாபலினும் தூக்க மாத்திரையும் சேர்ந்தாலும் மூச்சு மந்தமாகும். எழுப்பினால் எழாத தூக்கம், குண்டூசி முனையாகச் சுருங்கிய கண்மணி, நிமிடத்துக்கு 8, 10 என்று இறங்கிவிட்ட மூச்சு இவை தெரிந்தால் உடனே 108. இதை முறிக்கும் மருந்தான நலாக்ஸோன் ஆஸ்பத்திரியில் இருக்கும்.

நரம்பு வளர்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கட்டுப் பிரித்து டாக்டர் அனுமதித்த பிறகு, தழும்பிலிருந்து விரல் நோக்கி, நரம்பு ஓடும் வழியில் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் விரலுக்குள் சுருக்கென்று ஷாக் அடிக்கும். புது இழையின் முனை அங்கே வந்திருக்கிறது. தழும்பிலிருந்து அந்த இடம் வரை தையல்காரர் டேப்பால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அது ஏறத்தாழ 3 செ.மீ. முன்னேறியிருக்க வேண்டும். அப்படி நகர்கிற ஷாக் மாத்திரை போட்டு அடக்க வேண்டிய வலி அல்ல. மூன்று மாதமாகியும் தழும்பிலேயே நின்றுவிட்டால், அளவு எழுதிய தாளோடு தைத்த டாக்டரிடம் போங்கள். மறுபடி திறந்து பார்ப்பதா என்று அவர் முடிவெடுக்க அந்தத் தேதிகள்தான் வேண்டும்.